ம.பொ.சி.யின் புத்தகங்களோடு வேங்கடம் வரை

திருப்பதிக்கு ரயில் ஏறுகிறவர்களின் பையில் என்ன இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆதார் அட்டை, தரிசன டிக்கெட்டின் பிரிண்ட் அவுட், மாற்று வேட்டி, புளியோதரை. என் பையில் இவற்றோடு இரண்டு புத்தகங்களும் இருந்தன. ஒன்று ம.பொ.சிவஞானத்தின் தன்வரலாறான ‘எனது போராட்டம்’. மற்றது ‘புதிய தமிழகம் படைத்த வரலாறு’. வடக்கெல்லைப் போராட்டத்தைப் பற்றி அவர் எழுதியதை, அந்த வடக்கெல்லையில் போய் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பெருமாளையும் பார்த்துவிடலாம், எல்லையையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

ம.பொ.சி. 1906இல் சென்னையில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலை பார்த்தார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கட்டையில் அடுக்கிய கைதான் பின்னால் கட்டபொம்மனைப் பற்றியும் வ.உ.சி.யைப் பற்றியும் எழுதித் தமிழ்நாட்டுக்கு அவர்களைத் திரும்ப அறிமுகம் செய்தது. சிலப்பதிகாரத்தை மேடை மேடையாகக் கொண்டுபோனதால் ‘சிலம்புச் செல்வர்’ ஆனார். வள்ளலாரைப் பற்றிய புத்தகத்துக்கு 1966இல் சாகித்திய அகாதெமி விருது. இத்தனைக்கும் நடுவில் 1946இல் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார். அவருடைய எழுத்து முழுவதிலும் ஓடுகிற கேள்வி ஒன்றுதான்: நாம் யார், நம் மண் எதுவரை?

இந்தக் கேள்விக்கு அவர் காலத்தில் வேறொரு பதில் பலமாக ஒலித்துக்கொண்டிருந்தது. நாம் திராவிடர் என்பது அந்தப் பதில். ம.பொ.சி. அதை ஏற்கவில்லை. திராவிடம் என்பது ஒரு மொழிக் குடும்பத்துக்கு அறிஞர்கள் வைத்த பெயர். மக்கள் தங்களை உணர்வது தமிழராக, தெலுங்கராக, கன்னடராக, மலையாளியாகத்தான். ஆகவே நாடு கேட்பதானாலும் மாநிலம் கேட்பதானாலும் மொழியின் பெயரால்தான் கேட்க வேண்டும் என்று வாதிட்டார். இரத்தத்தை வைத்து இனத்தைப் பார்க்கும் வழக்கம் உலகமெங்கும் இருந்த காலத்தில், இனத்துக்கு அளவுகோல் மொழி என்றவர் அவர். அந்த அளவுகோலை அவர் முதலில் நீட்டிப் பார்த்த இடம் சித்தூர் மாவட்டம்.

திருத்தணியில் வண்டி நின்றபோது நடைமேடையில் காவடியும் மொட்டைத் தலைகளுமாகக் கூட்டம். சென்னையிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். இன்றைய இளைஞர்களிடம் இந்த ஊர் ஒரு காலத்தில் ஆந்திர மாநிலத்தில் இருந்தது என்றால் நம்ப மாட்டார்கள். 1953 அக்டோபர் 1ஆம் தேதி கர்னூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டம் முழுதாக அதனோடு போனது. திருத்தணியும் கூடவே போனது. 1960 ஏப்ரல் 1இல்தான் திரும்பி வந்தது. இடையில் ஆறரை ஆண்டுகள் முருகன் ஆந்திரக் குடிமகனாக இருந்தார்.

அந்த ஆந்திர மாநிலம் பிறந்த கதைக்கும் சென்னையே களம். பொட்டி ஸ்ரீராமுலு 1952 அக்டோபர் 19இல் மயிலாப்பூரில் உண்ணாவிரதம் தொடங்கினார். டிசம்பர் 15 இரவு உயிர் பிரிந்தது. அவர் கேட்டது தெலுங்கர்களுக்குத் தனி மாநிலம். கூடவே, ‘மதராஸ் மனதே’ என்ற முழக்கமும் எழுந்தது. சென்னை எங்களுடையது என்றார்கள். பிரகாசம் போன்ற பெரிய தலைவர்கள் அதன் பின்னால் நின்றார்கள். எதிர்ப்பக்கத்தில் ம.பொ.சி., தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம் என்று நின்றார். தலைநகர் காக்கப்பட்டது. ஆனால் அவர் கேட்ட இன்னொன்று, வேங்கடம், கைக்கு வரவில்லை.

வேங்கடத்தை அவர் கேட்டதற்கு ஆதாரம் இலக்கியத்தில் இருந்தது. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதிய பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கெல்லையாக வேங்கடத்தைத்தான் சொல்கிறது. சிலப்பதிகாரத்தை மனப்பாடமாக வைத்திருந்தவருக்கு, திருப்பதியும் காளத்தியும் சித்தூரும் இல்லாத தமிழகம் குறைப்பட்ட தமிழகமாகவே தோன்றியிருக்கும். ஆனால் பழம்பாடல் ஒரு சான்று. மக்கள்தொகைக் கணக்கு வேறொரு சான்று. தில்லி பார்த்தது இரண்டாவதை.

அந்தக் கணக்குப் பார்க்க வந்தவர் எச்.வி.படாஸ்கர். இரு மாநிலங்களுக்கும் நடுவராக அவர் கையாண்ட முறை, எல்லைத் தகராறுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிற ஒன்று. தாலுக்காவை மொத்தமாகப் பார்க்காதே, கிராமத்தைப் பார். அந்தக் கிராமத்தில் எந்த மொழிக்காரர் அதிகம் என்று பார். அது அந்த மொழி மாநிலத்தோடு நிலத்தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார். இந்த மூன்றின்படி 1959இல் சட்டம் வந்தது. திருத்தணித் தாலுக்காவின் பெரும்பகுதியும் சித்தூர், புத்தூர்த் தாலுக்காக்களில் சில கிராமங்களும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. பதிலுக்குத் திருவள்ளூர், பொன்னேரித் தாலுக்காக்களிலிருந்து சத்தியவேடு பகுதிக் கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. இந்த மீட்புக்காக மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியர் ஊர் ஊராக நடந்து தமிழ் சொல்லிக்கொடுத்தார், வழக்கறிஞர் கே.விநாயகம் ம.பொ.சி.க்கு வலக்கையாக நின்றார். தொண்டர்கள் சிறை போனார்கள், சிலர் உயிரையும் விட்டார்கள். ‘எனது போராட்டம்’ நூலில் இந்தப் பகுதியைப் படிக்கும்போது எழுத்தில் சூடு ஏறுகிறது. பிடித்ததும் விட்டதும் ஊர்ப் பெயர்களாக வந்து விழுகின்றன.

அப்படி மீட்ட திருத்தணியில் பிறந்தவர்களில் உலகம் அறிந்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். தெலுங்குக் குடும்பம். பெயருக்கு முன்னால் நிற்கும் சர்வபள்ளி நெல்லூர்ப் பக்கத்துக் கிராமம். முன்னோர் அங்கிருந்து தெற்கே வந்தவர்கள். பிள்ளை படித்தது திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளியில், பிறகு வேலூரில், பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரியில். அன்று இது ஒரே மாகாணத்துக்குள் ஒரு மாணவன் போய்வந்த வழி. இன்று அதே வழியில் போனால் மாநில எல்லையை இரண்டு முறை கடக்க வேண்டும். அவர் பிறந்த ஊர் எந்த மாநிலத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு அவர் குடும்பத்தின் மொழியை வைத்து விடை சொல்ல முடியாது. படாஸ்கர் சூத்திரத்தில் அந்தக் குடும்பம் ‘மற்றவர்’ என்ற பத்தியில்தான் விழும்.

பொன்பாடி தாண்டியதும் தமிழ்நாடு முடிகிறது. அடுத்து வேங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை, இந்திய ரயில் நிலையங்களிலேயே மிக நீளமான பெயர்களுள் ஒன்று என்று பொது அறிவுப் புத்தகங்களில் இடம்பிடித்தது. பெயர்ப்பலகை பெரியது, நிலையம் சிறியது. சன்னலுக்கு வெளியே மாறியது எதுவும் இல்லை. அதே கரும்பு, அதே மாந்தோப்பு, அதே செம்மண். தூரத்தில் நகரி மலையின் கூர்முனை. வங்கக் கடலில் வரும் கப்பல்காரர்கள் அந்த ‘நகரி மூக்கை’ வைத்தே கரையைக் கணித்தார்கள்.

நகரியில் இறங்கினேன். இந்த ஊர் தறியால் பிழைக்கிற ஊர். தெருவுக்குள் நுழைந்ததும் பவர்லூம் சத்தம் காதை அடைக்கிறது. ஒரு வீட்டுத் திண்ணையில் நின்று எட்டிப் பார்த்தேன். உள்ளே நான்கு தறிகள். சுவரோரம் சுற்றி வைத்த பாவு உருளைகள். பஞ்சுத் தூசு சன்னல் கம்பியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. மூலையில் ஒரு அம்மா சின்ன மோட்டாரில் ஊடைக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தார். நூல் அறும்போதெல்லாம் பார்க்காமலேயே இரண்டு விரலால் முடிச்சுப் போட்டார். தறி ஓட்டிக்கொண்டிருந்த மகனிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். என்னைப் பார்த்ததும் தமிழுக்கு வந்தார்.

“வாங்க தம்பி, மெட்ராஸா? சேலை எடுக்க வந்தீங்களா?”

ஊர் பார்க்க வந்தேன் என்றேன். அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. பேச்சு வளர்ந்தது. பிறந்த வீடு பள்ளிப்பட்டுப் பக்கம், அதாவது தமிழ்நாடு. புகுந்த வீடு இங்கே. மூத்த மகளைக் கொடுத்திருப்பது திருத்தணியில்.

“வீட்டுல என்ன பேசுவீங்கம்மா?”

“எது வாயில வருதோ அது. ரேஷன் கார்டு தெலுங்குல இருக்கு. பொண்ணு கல்யாணப் பத்திரிகை ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் தெலுங்குன்னு அடிச்சோம். ரெண்டு பக்கமும் சொந்தக்காரங்க இல்ல?”

“பேரப்பிள்ளைங்க?”

“அதுங்க இங்கிலீசு கான்வென்ட்டு. எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். எங்க வீட்டுல நான்தான் கடைசி.”

தறி நின்றது. மகன் பாவு அறுந்த இடத்தைத் தேடிப் பிடித்து இழையை இழுத்தார். அந்த அம்மா கையில் இருந்த தாரை நாடாவுக்குள் செருகி நீட்டினார். மறுபடி சத்தம். எல்லையை வகுத்த சட்டத்தில் இந்த வீடு எந்தப் பக்கம் என்பது தெளிவாக இருக்கிறது. இந்த வீட்டுக்குள் எல்லை எங்கே ஓடுகிறது என்று எந்த நடுவராலும் சொல்ல முடியாது.

நகரிக்கு அடுத்த பெரிய ஊர் புத்தூர். தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் ‘புத்தூர் கட்டு’ என்ற பலகை தொங்கும். எலும்பு முறிவுக்கு மூங்கில் பத்தை வைத்து, பச்சிலையும் முட்டை வெள்ளையும் தடவிக் கட்டுகிற வைத்தியம். அதை வளர்த்தவர்கள் இந்தப் புத்தூரை அடுத்த கிராமத்தில் தலைமுறை தலைமுறையாக வைத்தியம் பார்த்துவரும் ராஜு குடும்பத்தினர். கை கால் முறிந்த தமிழன் ஆந்திர எல்லை எது என்று கேட்டுக்கொண்டு நின்றதில்லை.

திருப்பதிக்குப் போய்ச் சேர்ந்ததும் கோவிந்தராஜர் கோயிலுக்குப் போனேன். மலைக்கு அவசரமாக ஏறுகிறவர்கள் இவரைக் கும்பிட்டுவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் இடம்பெயர்தலைப் பற்றி யோசித்துக்கொண்டு வருகிறவன் இங்கே நிற்கத்தான் வேண்டும். இந்தப் பெருமாள் அகதி. தில்லையில் சைவ மன்னன் கோவிந்தராஜரைப் பெயர்த்துக் கடலில் எறியச் செய்தான், உற்சவமூர்த்தியை வைணவர்கள் காப்பாற்றி இங்கே கொண்டுவந்தார்கள், இராமானுசர் 12ஆம் நூற்றாண்டில் அவரை இங்கே பிரதிஷ்டை செய்தார் என்பது வைணவ மரபு. அவர் வந்த பிறகு கோயிலைச் சுற்றித் தெரு எழுந்தது. தெருவைச் சுற்றி ஊர் எழுந்தது. கீழ்த் திருப்பதி என்று நாம் சொல்கிற நகரம் சிதம்பரத்திலிருந்து வந்த ஒருவரைச் சுற்றிக் குடியேறிய நகரம்.

மேல் திருப்பதிக்கும் இப்படியொரு கதை உண்டு. 14ஆம் நூற்றாண்டில் தில்லிப் படை ஸ்ரீரங்கத்தைச் சூறையாடியபோது நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு அடியார்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். கடைசியில் திருமலையில் அடைக்கலம். 1371இல் விஜயநகரத் தளபதி கோபண்ணாதான் அவரைத் திரும்ப ஸ்ரீரங்கம் கொண்டு சேர்த்தார். திருமலைக் கோயிலுக்குள் ரங்கநாயக மண்டபம் என்று இன்றும் ஓர் இடம் இருக்கிறது. வீடு இழந்து வந்த தெய்வம் தங்கிய இடம் அது.

ம.பொ.சி. திருமலையைத் தமிழருக்குக் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. தரிசனம் முடிந்து விமானப் பிரதட்சிணம் வரும்போது சுவரைப் பாருங்கள். கூட்டம் நெருக்கும், ‘ஜருகண்டி’ சத்தம் பின்னாலிருந்து துரத்தும், ஆனாலும் பாருங்கள். வரிவரியாகத் தமிழ்க் கல்வெட்டு. விளக்குக்கு நெய், அமுதுபடிக்கு நிலம், நந்தவனத்துக்குப் பூ என்று யார் யாரோ எழுதிவைத்த கணக்கு. திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகள் ஆயிரத்தைத் தாண்டும். அவற்றில் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. 1930களில் தேவஸ்தானமே அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. கருவறை வாசற்படிக்குக் ‘குலசேகரன் படி’ என்று பெயர். உன் வாசலில் படியாகக் கிடக்க வேண்டும் என்று பாடிய ஆழ்வாரின் பெயர். மார்கழி முழுவதும் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை.

இத்தனையும் உண்மை. இதற்குச் சமமான உண்மைகள் வேறு உண்டு. இதே மலையில் தாள்ளப்பாக்கம் அன்னமய்யா 15ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கில் தெலுங்குக் கீர்த்தனைகள் பாடினார். அவற்றைப் பொறித்த செப்பேடுகள் கோயிலுக்குள் ஓர் அறையில் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்து கண்டெடுக்கப்பட்டன. இரவில் சுவாமியைத் தூங்க வைப்பது அன்னமய்யாவின் தெலுங்கு. காலையில் எழுப்பும் சுப்ரபாதம் சமஸ்கிருதம். அதை எழுதியவர் அண்ணன் என்ற காஞ்சிபுரத்து வைணவ ஆசாரியர். விஜயநகரப் பேரரசன் கிருஷ்ணதேவராயன் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யதா’ என்று ஒரு காவியம் எழுதினான். அதன் நாயகி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள். 1843இலிருந்து 1933 வரை இந்தக் கோயிலை நிர்வகித்த ஹாத்திராம்ஜி மடத்து மகந்துகளோ வடநாட்டிலிருந்து வந்த பைராகிகள். யாருடைய மலை என்று கேட்டால், கல்லும் செம்பும் ஆளுக்கொரு சாட்சி சொல்லும். கோர்ட்டில் சாட்சிகள் இப்படி முரண்பட்டால் வழக்கு தள்ளுபடி ஆகும். இங்கே அந்த முரண்தான் சொத்து.

திருப்பதியிலிருந்து சித்தூர் சாலையில் கொஞ்ச தூரத்தில் சந்திரகிரி. மலையடிவாரத்தில் கோட்டை, உள்ளே மூன்று அடுக்கு ராஜ மஹால், இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். விஜயநகரத்தின் கடைசிக் கால அரசர்கள் இங்கிருந்து ஆண்டார்கள். 1639இல் பிரான்சிஸ் டே என்ற கும்பினிக்காரனுக்கு மதராசப்பட்டினத்துக் கடற்கரையைக் கொடுத்த தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர், சந்திரகிரி அரசனுக்குக் கீழ்ப்பட்ட தெலுங்குத் தலைவர். அவருடைய தந்தை சென்னப்பர் பெயரால் வந்தது சென்னப்பட்டினம். 1952இல் ‘மதராஸ் மனதே’ என்றவர்கள் கையில் இருந்த துருப்புச்சீட்டு இதுதான். ம.பொ.சி. தரப்பில் வேங்கடத்துக்குப் பாயிரம் இருந்தது என்றால், ஆந்திரர் தரப்பில் சென்னைக்கு இந்தப் பட்டயம் இருந்தது. இரண்டு பக்கமும் பழைய பத்திரத்தோடு வந்தார்கள். பட்டயமும் பாயிரமும் தோற்று, அந்தந்த ஊரில் அன்று வாழ்ந்தவர்களின் பேச்சு ஜெயித்தது. மக்களாட்சியில் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

சந்திரகிரிக் கோட்டைக்குப் பின்னால் நீல நிறத்தில் எழும்புகிறது சேஷாசலக் காடு. அங்கேதான் செம்மரம் வளர்கிறது. உலகத்திலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதியில்தான் அது இயற்கையாக வளரும். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி விடியற்காலை இந்தக் காட்டில் ஆந்திர அதிரடிப் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக் கூலிகள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். அவர்களில் பலர் பழங்குடிகள். தாக்க வந்தார்கள், சுட்டோம் என்றது காவல்துறை. பிடித்து வைத்துச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். வெட்டக் கூப்பிட்டுப்போன தரகர்களும் மரத்தைக் கப்பலேற்றும் முதலாளிகளும் அந்த விடியலில் காட்டில் இல்லை.

ம.பொ.சி.யின் புத்தகங்களில் எல்லை என்பது இரண்டு மொழிகளுக்கு நடுவே ஓடுகிற கோடு. கூலிக்காக எல்லையைத் தாண்டுகிறவனுக்கு அது வேறொன்று. ஊரில் வேலை இல்லாமையால் கடந்து, காட்டில் மொழி தெரியாமல் மாட்டி, பிணமாகத் திரும்பியவர்களின் கதையைத் தமிழில் யாராவது அதே அக்கறையோடு, ஊர்ப் பெயர்களோடு, புத்தகமாக எழுத வேண்டும்.

சித்தூர் பஸ் நிலையத்தில் இறங்கியபோது மதியம். நடத்துநர்கள் வேலூர் என்பதைத் தமிழிலும் பலமநேரு என்பதைத் தெலுங்கிலும் கூவிக்கொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரர் என்னோடு தமிழில் பேசினார்; பக்கத்தில் நின்றவரோடு தெலுங்கில் பேசினார்; கல்லாவில் இருந்த பையனைத் தமிழில் திட்டினார். 1911 வரை இது வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். அந்த ஆண்டு வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் துண்டுகள் எடுத்து, காளத்தி, கார்வேட்டிநகரம், புங்கனூர் ஜமீன்களையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டத்தை வெள்ளைக்காரன் தைத்தான். மொழிப்படி பிரிக்கும் யோசனை அவனுக்கு இல்லை. தன் வரிவசூலுக்கு வசதி பார்த்தான். 2022இல் ஆந்திர அரசு மறுபடி பிரித்துத் திருப்பதியைத் தனி மாவட்டமாக்கியது. கோடுகள் இங்கே தலைமுறைக்கு ஒருமுறை மாறுகின்றன.

பழைய வட ஆர்க்காட்டுக்காரர்கள் வெகுதூரமும் போனார்கள். 1860இல் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போனது. 1911இல் அந்த முறை நிற்கும்வரை மொத்தம் 1,52,184 பேர் போனார்கள். அவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். கப்பல் பதிவேடுகளில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே தந்தை பெயர், சாதி, ஜில்லா, தாலுக்கா, ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் எழுதியிருக்கும். ஜில்லா என்ற இடத்தில் வட ஆர்க்காடு என்பது திரும்பத் திரும்ப வருகிறது. தமிழனும் தெலுங்கனும் ஒரே தளத்தில் படுத்துப் போய், ஒரே கரும்புத் தோட்டத்தில் இறங்கினார்கள். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக்கு இருவரும் ‘மதராஸி’. பின்னால் வந்த நிறவெறிச் சட்டத்துக்கு இருவரும் ‘இந்தியர்’. இனம் என்பதை அடுத்தவன் தீர்மானிக்கும்போது மொழி அங்கே கணக்கில் வருவதில்லை. தோல் மட்டும்தான் வருகிறது. நேட்டாலை நினைத்துக்கொண்டு படித்தால், இனத்துக்கு மொழியை அளவுகோலாக்கிய ம.பொ.சி.யின் பிடிவாதம் மதிப்புக்குரியதாகவே தோன்றுகிறது. தோலின் நிறத்தை யாரும் கற்றுக்கொள்ள முடியாது. மொழியைக் கற்றுக்கொள்ளலாம், அந்த நகரி அம்மாவைப் போல இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

அவருடைய வாதத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் எனக்குக் குறை. மொழிப்படி கோடு போட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை. கோடு எங்கே போட்டாலும் இரண்டு பக்கமும் ‘மற்றவர்’ மிஞ்சுவார்கள். சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் தமிழர்கள் மிஞ்சினார்கள். திருத்தணி, ஓசூர்ப் பக்கங்களில் தெலுங்கர்கள் மிஞ்சினார்கள். இவர்களுக்காகத்தான் 1956இல் அரசியல் சட்டத்தில் 350-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். மொழிச் சிறுபான்மைக் குழந்தைக்குத் தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் படிக்க ஒவ்வொரு மாநிலமும் வசதி செய்து தர முயல வேண்டும் என்கிறது அது. ஏட்டில் இருக்கிறது. ஆந்திர எல்லையில் தமிழ் வழிப் பள்ளிகள் தேய்ந்துகொண்டே வருகின்றன. தமிழ்நாட்டுப் பக்கத்தில், 2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தின்படி பத்தாம் வகுப்பில் தமிழ்த் தேர்வு கட்டாயமானபோது, தெலுங்கு வழியில் படித்துவந்த பிள்ளைகள் நீதிமன்றத்துக்குப் போய் விலக்குக் கேட்க வேண்டியிருந்தது. அங்கே தமிழுக்கு நாம் கேட்பதை இங்கே தெலுங்குக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது.

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு முனையில் குப்பத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழ்நாடும் கர்நாடகமும் ஆந்திரத்தைத் தொடுகிற மூலையில், 1997இல் தென்மாநிலங்களின் ஒத்துழைப்போடு ஆந்திர அரசு தொடங்கிய அதற்குத் திராவிடப் பல்கலைக்கழகம் என்று பெயர். ம.பொ.சி. ஏற்காத பெயர்தான். ஆனாலும் நான்கு மொழிகளும் அடுத்தடுத்த அறையில் உட்கார்ந்து படிக்கிற இடம் ஒன்று வேண்டும் என்று அரசுகளுக்கு ஒருமுறையாவது தோன்றியிருக்கிறது. பல்கலைக்கழகத்தில் முடிந்தது தொடக்கப் பள்ளியில் முடியாதா?

படாஸ்கர் கிராமம் கிராமமாக எண்ணினார். நிலத்தைப் பங்கிட அந்த எண்ணிக்கை போதுமானதாக இருந்தது. இன்று இரண்டு அரசுகளும் அதே கிராமங்களுக்குப் போய், இன்னொரு கணக்கு எடுக்க வேண்டும்: வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி என்று இருக்கும் குழந்தைகள் எத்தனை பேர், அவர்களுக்குத் தாய்மொழி எழுத்தைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் எத்தனை பேர்? நகரியில் தமிழுக்கு ஓர் ஆசிரியர், திருத்தணியில் தெலுங்குக்கு ஓர் ஆசிரியர் என்று ஒப்பந்தம் போட முதலமைச்சர்கள் யாரும் தலையைக் கொடுக்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்டால் போதும்.

அடுத்த முறை திருப்பதிக்குப் போகும்போது ‘எனது போராட்டம்’ நூலை எடுத்துப் போங்கள். திருத்தணியிலிருந்து நகரி வரைக்குமான தூரத்திலாவது படியுங்கள். ம.பொ.சி. மண்ணுக்காகப் போராடி முடித்துவிட்டார். மண்ணில் மிஞ்சியவர்களின் எழுத்துக்காகப் போராடும் வேலை நம்முடையது.